கரிமுகக் கூத்தும் சிரித்தவர்களும்

ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பவர் இனவெறியர் ஆகிவிடுகிறாரா என்னும் கேள்வி பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியதாகவே எழுப்பப்படுகிறது. சிரித்தவரின் உள்ளத்தில் வெறுப்பு இருந்ததா என்று தேடிப் பார்த்து, இருந்தால் குற்றவாளி என்றும் இல்லையெனில் நிரபராதி என்றும் முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரே வகையான இன நகைச்சுவையைக் கோடிக்கணக்கானோர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் விரும்பிப் பார்த்துச் சிரித்த வரலாறு ஒன்று இருப்பதால், இந்தக் கேள்வியை ஊகத்தால் அல்லாமல் சான்றுகளைக் கொண்டு ஆராய முடிகிறது. 1830 வாக்கில் அமெரிக்காவில் உருப்பெற்று, 1978 வரை பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உயிரோடிருந்த மின்ஸ்ட்ரல் கூத்தின் வரலாறே அது.

வெள்ளை இன நடிகர்கள், சுட்டுக் கரியாக்கிய தக்கையைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, உதடுகளைப் பெரிதாக வரைந்து, கறுப்பின அடிமைகளைப் போலப் பேசியும் பாடியும் ஆடியும் காட்டிய மேடை நிகழ்ச்சியே மின்ஸ்ட்ரல் கூத்து. இதற்கு முன்னரும் ஐரோப்பிய மேடைகளில் முகத்தைக் கருக்கிக்கொண்டு நடிப்பது உண்டு. ஆயினும் அதைத் தனித் தொழிலாக மாற்றிய பெருமை, அல்லது சிறுமை, நியூயார்க்கில் 1808இல் பிறந்த தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற நடிகரைச் சேரும். கந்தலாடை அணிந்து, ஒரு காலை நொண்டியபடி சுழன்றாடி, 'ஜிம் குரோ' என்ற பாத்திரத்தை அவர் மேடையேற்றினார். கால் ஊனமுற்ற ஒரு குதிரைலாயப் பணியாளரின் ஆட்டத்தைப் பார்த்து அவர் அதைக் கற்றுக்கொண்டார் என்ற கதை பிற்காலத்தில் பரவியது. நிகழ்ந்த ஊர் லூயிவில் என்றும் சின்சினாட்டி என்றும் பிட்ஸ்பர்க் என்றும் சொல்பவருக்கேற்ப மாறுவதால் அக்கதையை வரலாறாக ஏற்க இயலாது. 1832இல் நியூயார்க்கின் பவரி அரங்கில் ரைஸ் ஆடியபோது கூட்டம் அலைமோதியது. 1836இல் லண்டனும் அதே ஆட்டத்தை வரவேற்றது.

இந்தச் சிரிப்பு பிறந்த இடத்தையும் காலத்தையும் கவனிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது 1827இல்தான். விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளரும், அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த ஏழைக் குடியேறிகளும், பட்டறை வேலையை இழந்துகொண்டிருந்த வெள்ளைக் கைவினைஞரும் அந்நகரின் நெரிசலான தெருக்களில் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒரே கூலிக்குப் போட்டியிட்டனர். அடிமை ஒழிப்பு இயக்கத்தாரின் வீடுகளையும் கறுப்பினத்தாரின் தேவாலயங்களையும் தாக்கிய 1834ஆம் ஆண்டுக் கலவரம் இதே சூழலில்தான் வெடித்தது. பவரி அரங்கின் மலிவு இருக்கைகளில் அமர்ந்தவர்கள் இந்தத் தொழிலாளர்களே. மேல்தட்டினரால் நாகரிகமற்றவர் என்று இகழப்பட்ட அவர்களுக்கு, தம்மினும் தாழ்ந்தவனாக ஒருவன் மேடையில் தோன்றியது ஆறுதலாக இருந்தது. அதே வேளையில், கரி பூசிய கோமாளி பணக்காரரையும் வழக்கறிஞரையும் அரசியல்வாதியையும் கிண்டல் செய்தபோது அவர்கள் அவன் பக்கம் நின்றும் சிரித்தார்கள். இக்கூத்தில் கறுப்பினப் பண்பாட்டின் மீதான இகழ்ச்சியோடு ஈர்ப்பும் கலந்திருந்தது என்று 1993இல் வெளிவந்த தம் நூலில் எரிக் லாட் விரிவாக வாதிட்டுள்ளார். சிரித்தவரின் உள்ளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதற்கு இக்கலவையே முதற்சான்று.

1843இல் டான் எம்மெட் உள்ளிட்ட நால்வர் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற பெயரில் ஒன்றுகூடி, பிடில், பாஞ்சோ, கஞ்சிரா போன்ற டாம்பரின், எலும்புத் தாளக்கட்டைகள் ஆகிய நான்கு கருவிகளுடன் ஒரு முழு மாலை நிகழ்ச்சியை நடத்தியதிலிருந்து தனிநடிகரின் ஆட்டம் குழுக்கூத்தாக வளர்ந்தது. எட்வின் கிறிஸ்டியின் குழு அதற்கு நிலையான வடிவம் கொடுத்தது. முதற்பகுதியில் நடிகர்கள் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். நடுவில் தூய ஆங்கிலம் பேசும் நெறியாளர், தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல நிகழ்ச்சியை நகர்த்திச் செல்வார். இரு முனைகளிலும் டாம்போ, போன்ஸ் என்ற கோமாளிகள் அவருக்கு எடக்குமடக்காக விடை சொல்லிச் சிரிப்பூட்டுவர். இரண்டாம் பகுதியில் பலவகை ஆட்டங்களும், படித்தவனாகக் காட்டிக்கொள்ளும் ஒரு கறுப்பன் பெரிய சொற்களைத் தப்புந்தவறுமாகக் கோத்துப் பேசும் மேடைப்பேச்சும் இடம்பெறும். மூன்றாம் பகுதி பெரும்பாலும் தென்மாநிலப் பருத்தித் தோட்டத்தில் நடக்கும் குறுநாடகம்.

இந்தக் கட்டமைப்புக்குள் இரண்டு வார்ப்புருக்கள், அதாவது ஓர் இனத்தார் அனைவரும் இப்படித்தான் என்று அச்சுவார்த்தாற்போல் காட்டும் உருவங்கள், திரும்பத் திரும்ப வந்தன. ஒருவன் தோட்டத்தில் பாடியாடிக் களித்திருக்கும் அப்பாவி அடிமையான ஜிம் குரோ. மற்றவன் நகரத்தில் பகட்டான கோட்டும் கைத்தடியுமாகத் திரிந்து, வெள்ளையரைப் போல நடக்க முயன்று தடுமாறும் ஜிப் கூன். முன்னவன் அடிமைநிலையில் மகிழ்ச்சியாக இருப்பவன், பின்னவன் விடுதலைக்குத் தகுதியற்றவன் என்பதால், இருவரும் சேர்ந்து ஒரே கருத்தையே நிலைநாட்டினர்: அடிமைமுறை கொடுமையானதும் அன்று, அதற்கு மாற்று உள்ளதும் அன்று. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். பருத்தித் தோட்டத்தை ஒருநாளும் கண்டிராத வடமாநில மக்களுக்கு அவர்களைப் பற்றிக் கிடைத்த அறிவின் பெரும்பங்கு இம்மேடையிலிருந்தே வந்தது. சவுக்கடியும் பிள்ளைகளைப் பிரித்து விற்கும் ஏலமும் மேடையில் ஒரோவழி தலைகாட்டினாலும், அவை கண்ணீர்ப் பாட்டாகக் கரைந்து, அடுத்த வேடிக்கைக்கு வழிவிட்டன.

சிரித்தவர்கள் அனைவரும் அடிமைமுறையின் ஆதரவாளர்கள் அல்லர் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு கூறு. அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆபிரகாம் லிங்கன் மின்ஸ்ட்ரல் பாடல்களை விரும்பியவர். எம்மெட் 1859இல் நியூயார்க் மேடைக்காக இயற்றி, பின்னர் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைகளின் பாட்டாகிவிட்ட 'டிக்சி'யை, 1865 ஏப்ரலில் எதிரிப் படைத்தலைவர் சரணடைந்த மறுநாள் வாத்தியக் குழுவினரிடம் கேட்டு வாங்கி வாசிக்கச் செய்தவர். அடிமைமுறையின் ஒழுக்கக்கேட்டைத் தம் நாவலில் தோலுரித்துக் காட்டிய மார்க் ட்வெய்ன், சிறுவயதில் கண்ட மின்ஸ்ட்ரல் கூத்தை முதுமையிலும் ஏக்கத்தோடு புகழ்ந்தார். இவ்விருவரையும் சிரித்த குற்றத்துக்காக இனவெறியர் பட்டியலில் சேர்ப்பது வரலாற்றைத் தட்டையாக்கிவிடும். நல்லவர்கள் சிரித்ததால் அக்கூத்து நல்லதாகிவிட்டது என்று வாதிடுவதும் அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதாகும்.

அக்காலத்தில் அதைத் தவறென்று யாரும் கருதவில்லை, இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கக் கூடாது என்ற சமாதானம் இங்கே அடிக்கடி கூறப்படும். அது உண்மையன்று. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாட்டின் தலைசிறந்த பேச்சாளராக உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸ், தாம் நடத்திய 'நார்த் ஸ்டார்' இதழில் 1848இலேயே மின்ஸ்ட்ரல் நடிகர்களைக் கடுஞ்சொற்களால் சாடினார். இயற்கை தமக்குத் தராத நிறத்தைத் திருடி, தம் இனத்தாரின் கீழ்மையான சுவைக்குத் தீனி போட்டுப் பணம் பண்ணுகிறவர்கள் என்பது அவர் கூறியதன் சாரம். கறுப்பினத்தவரே நடித்த ஒரு குழுவை மறு ஆண்டில் பார்த்தபோது அவருடைய மதிப்பீடு இன்னும் நுட்பமாக இருந்தது: வெள்ளையர் கூட்டத்தின் முன் கறுப்பர் எவ்வடிவிலேனும் தோன்ற முடிவதில் ஒரு பயன் உண்டென்று ஒப்புக்கொண்ட அவர், தம் இனத்தை மிகைப்படுத்திக் கேலிப்பொருளாக்குவதை அவர்கள் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆகவே, மின்ஸ்ட்ரல் கூத்து தன் புகழின் உச்சத்தை எட்டும்போதே அதற்கான மறுப்பும் அச்சில் இருந்தது. அதைக் கேட்கும் செவிதான் அரங்கில் இல்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்கள் ரயிலிலும் பள்ளியிலும் உணவகத்திலும் இரு இனத்தாரையும் பிரித்துவைக்கும் சட்டங்களை அடுக்கடுக்காக இயற்றின. ரைஸின் நொண்டிக் கோமாளியின் பெயராலேயே அவை 'ஜிம் குரோ சட்டங்கள்' என்று அழைக்கப்பட்டன. லூசியானா மாநிலத்தின் தனிப்பெட்டிச் சட்டத்தை 1896இல் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தபின், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை அம்முறை நீடித்தது. கூத்தின் சிரிப்பே இச்சட்டங்களை உண்டாக்கிற்று என்று கூறுவது மிகையாகும். பருத்திப் பொருளாதாரமும் வாக்குரிமைப் போட்டியும் வன்முறையும் அவற்றின் வலுவான காரணங்கள். ஆனால் கேலி உருவமாக மட்டுமே அறியப்பட்ட ஒருவருடைய உரிமை பறிக்கப்படும்போது, அதைக் கண்டு கொதிப்பவர் தொகை குறைவாகவே இருக்கும் என்பதை மறுக்க இயலாது.

இத்தொழிலின் மிகக் கசப்பான பகுதி கறுப்பினக் கலைஞரைப் பற்றியது. போர் முடிந்த 1865 முதல் 'ஜார்ஜியா மின்ஸ்ட்ரல்ஸ்' போன்ற கறுப்பினக் குழுக்கள் பெருகின. மேடைக்கலையில் நுழைய அவர்களுக்குத் திறந்திருந்த வாசல் அது ஒன்றே என்பதால், தம் கரிய முகத்தின் மேலேயே கரியைப் பூசிக்கொண்டு, வெள்ளையர் தம்மைப் பற்றிப் புனைந்த உருவத்தை அவர்கள் நடித்துக் காட்டினர். பஹாமாஸ் தீவில் 1874இல் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் இவ்வழியில் வந்தவர்களுள் தலையாயவர். அவரும் ஜார்ஜ் வாக்கரும் நடித்த 'இன் டஹோமி' என்ற இசைநாடகம் 1903இல் பிராட்வேயிலும் பின்னர் லண்டனிலும் நடைபெற்றது. 1910இல் ஜீக்ஃபெல்டின் புகழ்பெற்ற மேடைநிகழ்ச்சியில் வெள்ளை நட்சத்திரங்களுக்கு இணையாக அவர் இடம்பெற்றார். கரிப்பூச்சுக்கு அடியில், எப்போதும் ஏமாற்றப்படும் ஓர் எளிய மனிதனின் துயரத்தை அவர் நுட்பமாக வடித்தார் என்று திறனாய்வாளர்கள் மதிக்கின்றனர். ஆயினும் 1922இல் இறக்கும்வரை அவரால் அந்தக் கரியைக் கழுவிவிட முடியவில்லை. அரங்கில் அவரைக் கண்டு சிரித்தவர்களுள் பலர் தாம் தங்கும் விடுதியில் அவர் தங்குவதை ஏற்காதவர்கள். சிரிப்பவர் ஒவ்வொருவரும் அன்பு மிகுந்தவராக இருந்தாலும், நுழைவுச்சீட்டுக்கு அவர்கள் கொடுத்த காசு சேர்ந்து, எந்தப் பாத்திரத்துக்குக் கூலி உண்டு, எதற்கு இல்லை என்பதை முடிவு செய்தது.

அமெரிக்கக் கப்பல்களோடு இக்கூத்தும் கடல் கடந்தது. ஜப்பானின் துறைமுகங்களைத் திறக்கச் செய்த 1854ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சில நாள்களுக்கு முன், கடற்படைத் தளபதி பெர்ரியின் மாலுமிகள் ஜப்பானிய அதிகாரிகளுக்கு ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியை விருந்தாக்கினர். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் டேவ் கார்சன் முக்கியமானவர். 1860களில் பம்பாய்க்கு வந்த அவர், அமெரிக்கக் கறுப்பரை அறியாத இந்நாட்டு ஐரோப்பியருக்கு ஏற்ப, பார்சி வணிகரையும் ஆங்கிலம் படித்த வங்காளி 'பாபு'வையும் கேலிப்பொருளாக்கினார். பெரிய சொற்களைப் பிழைபடப் பேசி நகைப்புக்கு ஆளாகும் பாபு, நியூயார்க் மேடையின் ஜிப் கூனுக்கு உடன்பிறப்பு போன்றவர்; ஆள்வோரின் கல்வியைக் கற்று அவர்களுக்குச் சமமாக வர முயல்பவரே இரு இடத்திலும் சிரிப்புக்கு இலக்கானார்.

கல்கத்தாவில் இதற்கு எதிர்ச்சிரிப்பு எழுந்தது. 1872 டிசம்பரில் 'நீல் தர்ப்பண்' நாடகத்துடன் தொடங்கிய நேஷனல் தியேட்டரின் நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி, கார்சனின் நிகழ்ச்சிக்குப் போட்டியாக ஒரு தமாஷா அமைத்து, ஆங்கிலேயரை அவர்களுடைய பேச்சுத் தோரணையிலேயே நையாண்டி செய்தார். நையாண்டி மேலும் கூர்மையடைந்து, 1876இல் கல்கத்தாப் போலீஸ் அதிகாரிகளான ஹாக், லாம்ப் ஆகியோரின் பெயர்களைப் பன்றி, ஆடு என்று பொருள்படத் திரித்து ஒரு கேலி நாடகம் மேடையேறியபோது, அரசு முதலில் அவசரச் சட்டத்தாலும் அவ்வாண்டிறுதியில் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தாலும் மேடையைக் கட்டிப்போட்டது. பாபுவைப் பார்த்து ஐரோப்பியர் சிரித்தபோது சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சிரிப்பு கீழ்நோக்கிப் பாயும்போது அதைப் பொழுதுபோக்கு என்றும், மேல்நோக்கிப் பாயும்போது ஒழுங்குக் குலைவு என்றும் ஆட்சி பிரித்தறிந்திருந்தது. சிரிப்பு வெறும் சிரிப்புதான் என்று அது ஒருபோதும் நம்பியதில்லை. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டத்தின் வழித்தோன்றலாகச் சென்னை மாநிலத்தில் 1954இல் ஒரு சட்டம் வந்ததும், எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அது நெருக்கியதும் தமிழ் மேடை அறிந்த செய்தி.

சிரிப்பைப் பற்றி ஆராய்ந்தோர் இக்கேள்வியில் ஒருமித்தவர்கள் அல்லர். பிறரின் தாழ்வைக் கண்டு நம் உயர்வைத் திடீரென உணர்வதால் எழுவதே சிரிப்பு என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் விளக்கினார். ஒருவரைத் தாக்கும் நகைச்சுவைக்குச் சொல்பவர், இலக்காகுபவர், கேட்பவர் என மூவர் வேண்டும் என்றும், மூன்றாமவரின் சிரிப்பில்தான் அது நிறைவு பெறுகிறது என்றும் 1905இல் சிக்மண்ட் ஃபிராய்டு காட்டினார். நகைச்சுவை முன்வைக்கும் மனப்பாங்கில் பங்கில்லாதவரால் அதற்குச் சிரிக்கவே முடியாது என்பது மெய்யியலாளர் ரொனால்ட் டி சூசாவின் நிலைப்பாடு. அதற்கு மாறாக, வார்ப்புருவை அறிந்திருந்தால் போதும், நம்ப வேண்டியதில்லை என்பது டெட் கோஹன் போன்றோரின் வழி. 2004இல் தாமஸ் ஃபோர்டு, மார்க் ஃபெர்குசன் ஆகிய உளவியலாளர் முன்வைத்த கோட்பாடு வேறொரு கோணத்தைத் திறந்தது: இகழ்ச்சி நகைச்சுவை இல்லாத வெறுப்பைப் புதிதாக விதைப்பதைவிட, ஏற்கெனவே வெறுப்புடையவருக்கு இங்கே இது அனுமதிக்கப்படும் என்ற குறிப்பைத் தந்து, பாகுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் சூழலை உருவாக்குகிறது. மின்ஸ்ட்ரல் வரலாற்றோடு மிகவும் பொருந்துவது இந்த விளக்கமே. வெறுப்பில்லாமல் சிரித்தவரின் குரலும் வெறுப்போடு சிரித்தவரின் குரலும் அரங்கில் ஒரே ஓசையாகவே கேட்டன.

20ஆம் நூற்றாண்டில் மேடை ஒடுங்கி வானொலி வந்தபோது, கரியில்லாமலேயே கரிமுகம் தொடர்ந்தது. 1928இல் சிகாகோவில் தொடங்கிய 'அமோஸ் அண்ட் ஆண்டி' தொடரில், ஃபிரீமன் காஸ்டன், சார்லஸ் கோரல் என்ற இரு வெள்ளையர் கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தனர். அந்தக் கால் மணி நேரத்துக்காகத் திரையரங்குகள் படத்தை நிறுத்திவைத்து வானொலியை ஒலிபரப்பின. 1931இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழாசிரியர் ராபர்ட் வான் அதற்கெதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். அதே ஆண்டில் மற்றொரு கறுப்பின இதழான 'சிகாகோ டிஃபெண்டர்' தன் சிறுவர் விழாவுக்கு அவ்விரு நடிகரையும் சிறப்பு விருந்தினராக அழைத்தது. கேலிக்குள்ளானவரிடையே சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். தொலைக்காட்சியில் கறுப்பின நடிகர்களைக் கொண்டு 1951 முதல் 1953 வரை வந்த அத்தொடர், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் எதிர்ப்பைச் சந்தித்து, மறு ஒளிபரப்பிலிருந்தும் 1966இல் விலக்கப்பட்டது.

பிரிட்டனில் இக்கதையின் இறுதி அத்தியாயம் நிகழ்ந்தது. 1958இல் பி.பி.சி. தொடங்கிய 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ' 1961இல் மாண்ட்ரோ தொலைக்காட்சி விழாவின் தங்க ரோஜா விருதைப் பெற்றது. கோடிக்கும் மேற்பட்டோர் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தனர். 1967இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கம் ஒன்று அதை நிறுத்தக் கோரி மனு அளித்தது. அதற்கு முன்பே நிறுவனத்தின் கணக்குத்துறைத் தலைவர் உள்ளிருந்தபடி எழுத்தில் கண்டித்திருந்தார். நல்லெண்ணமுள்ள குடும்பப் பொழுதுபோக்கு, நெடுங்கால மரபு, யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்ற விடைகளோடு நிகழ்ச்சி மேலும் 11 ஆண்டுகள் நீடித்து, 1978இல்தான் நின்றது. அந்த விடைகளில் பொய் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பார்த்தவருள் பெரும்பாலோர் பாட்டையும் ஆட்டத்தையும் விரும்பியே பார்த்திருக்கக்கூடும். ஆனால் மனு தரப்பட்டபின் அந்த நல்லெண்ணத்தின் தன்மை மாறிவிட்டது. தாங்கள் இழிவுபடுத்தப்படுவதாகச் சொன்னவரின் சொல்லைவிடத் தம் மாலைப்பொழுதின் இன்பம் பெரிது என்ற தேர்வு அதனுள் நுழைந்துவிட்டது.

இத்தேர்வை மறுபக்கத்திலிருந்து செய்தவர் ஒருவர் உண்டு. இன நகைச்சுவையாலேயே புகழடைந்த கறுப்பினக் கலைஞர் டேவ் சாப்பெல், கரிமுக வேடத்தில் தோன்றிய ஒரு காட்சியின் படப்பிடிப்பில், வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தம்மை உறுத்தியதாகப் பின்னர் கூறினார். வார்ப்புருவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்ன இடத்தில் வார்ப்புருவோடு சேர்ந்து சிரிக்கிறார்களோ என்ற ஐயத்தின் பின்னணியில், ஏறத்தாழ 5 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் பேசப்பட்ட ஒப்பந்தத்தை விட்டு 2005இல் அவர் வெளியேறினார். ஒரே நகைச்சுவைக்கு இரு வகைச் சிரிப்பு எழக்கூடும் என்பதையும், அவ்வேறுபாட்டைச் சிரிப்பவரைவிடச் சிரிக்கப்படுபவரே விரைந்து உணர்வார் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எனவே, ஒரு சிரிப்பு மட்டும் ஒருவரை இனவெறியர் ஆக்கிவிடாது. சிரிப்பு பாதியளவு தன்னிச்சையானது, சூழலாலும் பழக்கத்தாலும் பிறர் சிரிப்பதாலும் எழுவது. ஆனால் 1848இல் டக்ளஸும் 1931இல் வானும் 1967இல் மனு கொடுத்தவர்களும் சொன்னதை இக்கேள்வியோடு சேர்த்துப் படித்தால், ஆராயப்பட வேண்டியது சிரித்த கணமன்று, அதற்கு அடுத்த கணம் என்பது விளங்கும். இலக்கானவர் எழுந்து மறுப்புச் சொல்லும்போது, விளையாட்டுக்குச் சொன்னதை உணராதவர் என்று அவரையே குறைகூறி அந்த நகைச்சுவையை மீண்டும் கேட்பவர், அதுவரை அறியாமையால் சிரித்தவராக இருந்தாலும், அந்தக் கணத்திலிருந்து அறிந்தே சிரிப்பவர் ஆகிறார். மின்ஸ்ட்ரல் கூத்து ஒன்றரை நூற்றாண்டு நிலைத்ததற்கு அதைப் படைத்த ரைஸும் எம்மெட்டும் போதுமான காரணர் அல்லர். மறுப்பைக் கேட்டபின்னும் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களே அதை வாழவைத்தனர்.